சக்கரத்தின் மேல் வீடு – 14: காஞ்சிக்குள் நடந்து போங்கள்

இந்தத் தொடரைப் படிப்பவர்கள் அதிகம் கேட்பது கோயில் ஊர்களைப் பற்றித்தான். மலையடிவாரம், கடற்கரை, அணைக்கட்டு என்றால் வேன் வீட்டை நிறுத்த எங்காவது இடம் கிடைத்துவிடும். மதுரை, கும்பகோணம், காஞ்சிபுரம் மாதிரி ஊர்களில் என்ன செய்வது? தெருவெல்லாம் குறுகல், வீதியெல்லாம் கூட்டம், மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும், குளிக்க இடமில்லை. அங்கெல்லாம் வேன் ஒரு சுமையாகிவிடாதா?

ஆகாது. ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. வண்டி ஊர் எல்லையில் நிற்க வேண்டும், நீங்கள் ஊருக்குள் நடக்க வேண்டும். வேனுக்குள் நம்மால் கொண்டுபோக முடிவது படுக்கையும் நாலு பாத்திரமும் துணிமணியும்தான். குளியலறை, முற்றம், நிழல், நல்ல தண்ணீர் எல்லாம் ஊர் தரவேண்டியவை. அவற்றைக் கேட்டுப் பெறவும், பெற்றதற்குக் காசும் மரியாதையும் கொடுக்கவும் தெரிந்தவருக்குச் சிறிய வேன் போதும். தெரியாதவருக்கு எத்தனை லட்சம் போட்டுக் கட்டிய வண்டியும் போதாது. இதைக் கற்றுக்கொள்ளக் காஞ்சிபுரத்தைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியவில்லை.

இது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். டூரிஸ்ட் வேன் பிடித்து, பின்னால் அண்டாவும் அடுப்பும் ஏற்றி, தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை இருபது பேர் கோயில் கோயிலாகப் போவது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். மாலை போட்ட ஐயப்ப பக்தர்களும், சிவப்பு உடுத்தி மேல்மருவத்தூர் போகிறவர்களும் இன்றும் காஞ்சி வழியாக அப்படித்தான் போகிறார்கள். அந்த வேன்களை ஓட்டும் டிரைவர்கள்தான் என் ஆசான்கள். எந்த பங்க்கில் கழிப்பறை சுத்தம், எந்த மண்டபத்தில் குளிக்க விடுவார்கள், எந்தச் சந்தில் வண்டி திரும்பாது என்று அவர்களுக்கு மனப்பாடம். புதிய ஊருக்குப் போனால் முதலில் ஒரு டூரிஸ்ட் வேன் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுங்கள். எந்த மேப்பும் சொல்லாததை அவர் சொல்வார்.

முதல் நாள் இரவே வந்துவிடுங்கள்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் தாண்டிப் பொன்னேரிக்கரையில் திரும்பினால் ஊர். வேலூர்ப் பக்கமிருந்து வருபவர்களுக்கு வெள்ளைகேட். செங்கல்பட்டிலிருந்து வந்தால் வாலாஜாபாத் வழி. மூன்று வழிகளிலும் தொழிற்சாலைப் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் நெருக்கும். காலை எட்டு மணிக்குச் சென்னையில் கிளம்பி, பத்தரைக்கு ஊருக்குள் நுழைந்து, இடம் தேடி அலைந்து, பதினொன்றரைக்குக் கோயில் வாசலில் நின்றால், நடை சாத்தும் மணிதான் காதில் விழும். கிடைத்த ஒரு நாளும் வீண்.

ஆகவே முதல் நாள் இரவே வந்து நெடுஞ்சாலை ஓரத்தில் தங்கிவிடுங்கள். லாரிகள் நிற்கிற, விளக்கு எரிகிற பெரிய பெட்ரோல் பங்க்காகப் பாருங்கள். டீசல் போட்டுவிட்டு, மேனேஜரிடம் நேராகப் போய், "குடும்பத்தோட வந்திருக்கோம், காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவோம், ஓரமா நிறுத்திக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்டு நிற்பவரை யாரும் விரட்டுவதில்லை. கேட்காமல் நிற்பவர்தான் நடுராத்திரியில் கதவு தட்டப்பட்டு எழுந்திருக்க நேரும். பங்க்குகளில் காற்று, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றும் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. அது உங்கள் உரிமை. ஆனால் அங்கே பாத்திரம் கழுவுவதும் துணி காயப்போடுவதும் உரிமையில் சேராது. அடுப்பு பற்றவைக்கிற பேச்சே கூடாது.

சாலை ஓர வெற்றிடத்திலோ, ஏரிக்கரையிலோ, யாருடையது என்று தெரியாத மனையிலோ இரவு தங்காதீர்கள். அழகாகத் தெரியும் இடம் பாதுகாப்பான இடம் என்று அர்த்தமில்லை.

வண்டி நிற்க வேண்டிய இடம்

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் வைபவம் நடந்தது. 1979க்குப் பிறகு அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே எழுந்தருளிய அந்தத் திருமேனியைத் தரிசிக்க ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். ஊர் எல்லையில் தற்காலிகப் பேருந்து நிலையங்களும் வாகன நிறுத்தங்களும் அமைத்து, வெளியூர் வண்டிகளை அங்கேயே நிறுத்தி, சிறு பேருந்துகளில் மக்களைக் கொண்டுபோனார்கள். இந்த ஊரின் வீதிகள் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த நாட்கள் எல்லோருக்கும் காட்டின. அடுத்த வைபவம் 2059இல். அதுவரை காத்திருக்காமல், அந்த ஏற்பாட்டை ஒவ்வொரு பயணத்திலும் நாமே நமக்குச் செய்துகொள்ளலாம்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு கல்யாண மண்டபம். காஞ்சியைச் சுற்றி மண்டபங்கள் ஏராளம். முகூர்த்தம் இல்லாத நாளில் அவை காலியாகத்தான் கிடக்கும். உள்ளே வேன் தாராளமாகத் திரும்பும். குளியலறை, கழிப்பறை, போர் தண்ணீர், சமையல் கொட்டகை, காவலாளி எல்லாம் இருக்கும். பஞ்சாங்கத்தில் முகூர்த்தமில்லாத நாளைப் பார்த்து, மண்டபத்துக்குப் போன் செய்து, மேனேஜரிடம் ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். காவலாளிக்குத் தனியாகக் கொடுங்கள். அந்தக் காலத்தில் யாத்திரிகர்களுக்குச் சத்திரம் செய்த வேலையை இன்று மண்டபம் செய்கிறது.

இரண்டாவது வழி, பார்க்கிங் உள்ள விடுதியில் ஒரே ஒரு அறை எடுப்பது. நான்கு பேருக்கு நான்கு படுக்கை வேண்டியதில்லை. ஒரு அறை போதும், குளியலறைக்காகவும் முதியவர்களின் மத்தியான உறக்கத்துக்காகவும். சில லாட்ஜுகளில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் ‘ஃப்ரெஷ் அப்’ அறை கொடுப்பார்கள், அதுவும் நல்லதே.

நுழையக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். காந்தி ரோட்டில் பட்டுக் கடைகளின் முன் வேனை நிறுத்த நினைக்காதீர்கள். ராஜ வீதிகள் அகலமானவை என்று நம்பித் திருவிழா நாளில் உள்ளே போனால், தேரும் வாகனமும் வரும் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மாசியில் காமாட்சியம்மன், பங்குனியில் ஏகாம்பரநாதர், வைகாசியில் வரதராஜப் பெருமாள் என்று பிரம்மோற்சவங்கள் வரிசையாக வரும். வைகாசி கருட சேவையன்று ஊருக்குள் வண்டியே ஓடாது. உற்சவத்துக்கென்றே வந்தால் ரயிலில் வாருங்கள், வேன் வீட்டிலேயே இருக்கட்டும்.

கூரை மேல் சோலார் பேனலும் ஏசி பெட்டியும் வைத்த வேன் பத்து அடி உயரத்தை நெருங்கிவிடும். உங்கள் வண்டியின் உயரம், நீளம், அகலம் மூன்றையும் ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். பழைய தெருக்களில் தொங்கும் கேபிள், தாழ்ந்த கிளை, பந்தல் கம்பு எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

நெசவாளர் தெருவுக்கு ஒரு மரியாதை

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளுக்குள் எக்காரணம் கொண்டும் பெரிய வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். விடிகாலையில் அங்கே தெருவே தொழிற்கூடம். நெசவின் நெடுக்கு இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு விரித்து இழுத்துக் கட்டி, கஞ்சி கொடுத்து, இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். மூன்று சேலைக்கான பாவு ஏறத்தாழ அறுபது அடி நீளம் வரும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடியவேண்டும், காற்றும் தூசியும் அடிக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஒரு வேன் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தால், பாவைத் தூக்கி வழிவிட வேண்டியவர்கள் அவர்கள்தான். அறுந்த இழைகளை உட்கார்ந்து புனைய வேண்டியவர்களும் அவர்களே.

ஒருமுறை அப்படி ஒரு தெருமுனையில் வழி கேட்க நிறுத்தியபோது ஒரு பெரியவர் வந்து சொன்னார்: "ஐயா, வண்டியக் கொஞ்சம் அந்தாண்ட நிறுத்துங்க. பாவு போட்டிருக்கோம். வெயில் ஏர்றதுக்குள்ள எடுத்துடுவோம்."

"மெயின் ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வரோம் பெரியவரே. பாக்கலாமுங்களா?"

"தாராளமா வாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

வண்டியை விட்டு இறங்கியவருக்குக் கிடைக்கிற அழைப்பு அது. அப்புறம் தறி பார்த்தோம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கும் நெசவாளருக்கு வெளிச்சம் தெருப் பக்கத்திலிருந்து வருகிறது. வாசலை மறித்து வேன் நின்றால் தறிக்கு இருட்டு. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறும், ஈரக்காற்றில் பாவு தொய்யும், வேலை நின்றுபோகும். ஒரு சேலை முடியச் சாதாரணமாகவே பத்துப் பதினைந்து நாள், வேலைப்பாடு கூடினால் அதற்கும் மேல். நாம் சுற்றுலா வந்திருக்கிறோம், அவர்கள் வேலை நாளில் இருக்கிறார்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், நூலைத் தொடும் முன் கேளுங்கள்.

மத்தியானம் பன்னிரண்டு முதல் நான்கு

காஞ்சிக் கோயில்கள் பெரும்பாலும் காலை ஆறு மணியை ஒட்டித் திறந்து, பன்னிரண்டு பன்னிரண்டரைக்கு நடை சாத்தி, நான்கு மணிக்கு மறுபடி திறந்து, இரவு எட்டரை வரை இருக்கும். உங்கள் நாளை இந்தக் கணக்கில்தான் வகுக்க வேண்டும்.

காலையில் முதலில் கைலாசநாதர். ஊரின் மேற்கு ஓரத்தில், தொல்லியல் துறைப் பராமரிப்பில் புல்வெளியோடு இருக்கிறது. ராஜசிம்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லில் எழுப்பியது. கிழக்கு வெயில் சாய்வாக விழும்போது அந்தச் சிற்பங்களைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் உள்ள 58 சிறு சன்னதிகளில் பழைய ஓவியத்தின் மிச்சங்கள் சிலவற்றில் இன்றும் தெரியும். கருவறையைச் சுற்றி வரும் பாதை மிகக் குறுகல், தவழ்ந்து நுழைய வேண்டும். முழங்கால் வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள், வெளிப் பிராகாரமே கண்கொள்ளாது.

அடுத்து ஏகாம்பரநாதர். 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ராஜகோபுரம் 190 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அங்கிருந்து குமரகோட்டம், காமாட்சியம்மன் எல்லாம் அடுத்தடுத்து. காலைக்கு இது போதும். மாலையில் வைகுண்டப் பெருமாள் கோயிலும், பிறகு ஆட்டோவில் சின்ன காஞ்சிபுரம் போய் வரதராஜப் பெருமாளும். ஒரே நாளில் பத்துக் கோயில் என்று பட்டியல் போடாதீர்கள். வேன் வீட்டின் லாபமே அவசரம் இல்லாததுதான். திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதில்லை, இன்னொரு நாள் இருந்துவிடலாம்.

இடையிலுள்ள நான்கு மணி நேரம்தான் வேன் பயணத்தின் சோதனை. கோயில் கல்தரை சுடும். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பருத்திக் காலுறை எடுத்துப் போங்கள். கத்திரி வெயிலில், அதாவது மே மாதத்தில், இந்தப் பயணமே வேண்டாம். கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு மாசி வரை நல்ல காலம். மற்ற மாதங்களில் மத்தியானம் வேனுக்குள் உட்காராதீர்கள். கதவடைத்து வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் வெளியைவிடப் பத்து டிகிரி கூடுதலாகவே இருக்கும். குழந்தையையோ வயதானவரையோ உள்ளே விட்டுவிட்டு ஐந்து நிமிடம்கூடப் போகக் கூடாது.

சாப்பிட்டுவிட்டு விடுதி அறையிலோ மண்டப நிழலிலோ படுங்கள். தூங்காதவர்கள் அண்ணா நினைவு இல்லத்துக்குப் போகலாம். 1909இல் இந்த ஊரில் பிறந்தவர் வாழ்ந்த வீட்டைப் பிள்ளைகள் பார்க்கட்டும். வெயில் தணிந்ததும் வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயில். விதானத்து ஓவியங்களைக் கழுத்து வலிக்கப் பார்க்கலாம், கூட்டமே இருக்காது.

ஏசி ஆசையும் ஓர் எச்சரிக்கையும்

"வேனில் ஏசி போட்டுத் தூங்க முடியுமா?" என்று கேட்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். கூரையில் 400 வாட் சோலார் பேனல் இருந்தால், நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம் எதிர்பார்க்கலாம். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் பத்து மணி நேரம் ஓட 0.3 யூனிட். சின்னஞ்சிறு 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். விளக்கு, செல்போனுக்கு 0.2. மொத்தம் ஒரு யூனிட்டைச் சுற்றி. மேகமூட்டத்துக்குக் கொஞ்சம் மிச்சம். இதுதான் நிம்மதியான குடும்பக் கணக்கு. ஒரு டன் ஏசியோ மணிக்கு ஒரு யூனிட் அளவில் இழுக்கும். ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு யூனிட். அது கூரையிலிருந்து வராது. மண்டபத்திலோ விடுதியிலோ கரன்ட் வாங்கினால்தான் ஏசி.

இல்லையென்றால் ஜெனரேட்டர், அல்லது இன்ஜினை ஓடவிடுவது. இந்த இடத்தில் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்து வந்த கார்பன் மோனாக்ஸைடு உள்ளே பரவியிருந்தது. அந்த வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூக்கம் மாதிரியே வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். இன்ஜின் ஓட, கண்ணாடி மூடி, ஏசி போட்டு ஒருபோதும் தூங்காதீர்கள். வாடகை வண்டி டிரைவர் அப்படித் தூங்கினால் தட்டி எழுப்பிச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்றைப் படுக்கை உயரத்தில் பொருத்துங்கள். இரண்டு பக்கமும் கொசுவலை போட்ட ஜன்னல், கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஒரு ஃபேன், இவை போதும். மார்கழியில் காஞ்சி இரவுகள் குளிர்ச்சியானவைதான்.

அடுப்பு எங்கே எரிய வேண்டும்

2023 ஆகஸ்ட் 26 விடிகாலை. மதுரை ரயில் நிலையத்தருகே, லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களின் தனிச் சுற்றுலாப் பெட்டி நின்றிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் அடுப்பு மூட்டியபோது தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். கோயில் பார்க்க வந்தவர்கள், நம்மைப் போலவே. நின்றிருக்கும் வண்டிக்குள் அடுப்பு என்றால் இந்தச் சம்பவம் உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும், மூக்குக்கு எட்டுவதற்குள் காலடியில் சேர்ந்திருக்கும். எங்கள் வேனில் விதி எளிமையானது: அடுப்பு வண்டிக்குள் எரியாது. சிலிண்டர் வெளிப்புறம் திறக்கும், அடியில் காற்றுத் துவாரம் உள்ள பெட்டியில் நிமிர்ந்து நிற்கும். ஓடும்போது வால்வு மூடியிருக்கும். நின்ற பிறகு அடுப்பை மண்டபத்துச் சமையல் கொட்டகைக்கு எடுத்துப்போய்ச் சமைப்போம். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். ரெகுலேட்டரையும் ட்யூபையும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். தீயணைப்பான் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், படுக்கைக்கு அடியில் வேண்டாம்.

காஞ்சியில் அதிகம் சமைக்கவும் வேண்டாம். வரதராஜர் கோயில் பிரசாதமான குடலை இட்லி பயணத்துக்கென்றே அமைந்தது. பச்சரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் வேகவைப்பது. சுக்கும் மிளகும் வயிற்றுக்கு இதம், எளிதில் கெட்டுப்போகாது. எங்கள் காலைப் பசிக்கு அதுதான். கூடவே எண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி, ஒரு டப்பா புளிக்காய்ச்சல், கடையில் வாங்கிய தயிர். இவற்றோடு ஒரு குக்கர் சாதம் போதும்.

தண்ணீரும் கழிவும்

குளியலை வெளியே முடித்துக்கொண்டால், குடிக்க, சமைக்க, பல் துலக்க, பாத்திரம் அலச ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து லிட்டர் போதும். நான்கு பேருக்கு அறுபது. நூறு லிட்டர் தொட்டி என்றால் நூறு கிலோ எடை, அது தாழ்வாக, இரண்டு அச்சுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். குடிப்பதற்கு இருபது லிட்டர் கேன் எந்தத் தெருவிலும் கிடைக்கும். தொட்டித் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

கழிப்பறை பற்றிக் கூச்சப்படாமல் பேசிவிடுவோம். வேனில் கழற்றி எடுக்கும் டாய்லெட் பெட்டி ராத்திரி அவசரத்துக்கும், நடக்க முடியாதவர்களுக்கும் மட்டும் என்று வையுங்கள். அதைக் காலி செய்ய ஒரே முறைதான் உண்டு: மண்டபத்திலோ விடுதியிலோ கட்டணக் கழிப்பறையிலோ அனுமதி கேட்டு, கழிப்பறைக்குள்ளேயே ஊற்றி, நாமே தண்ணீர் விட்டுக் கழுவி, அங்கிருக்கும் பணியாளருக்குப் பணம் கொடுப்பது. மழைநீர்க் கால்வாயில் ஊற்றுவது, இருட்டில் வேகவதிக் கரையில் கொட்டுவது எல்லாம் பாவம். ஏற்கெனவே கழிவுநீரில் திணறும் ஆறு அது. பாத்திரம் கழுவிய நீரையும் கோயில் வீதியில் திறந்துவிடாதீர்கள். நாங்கள் வாழை இலையிலும் மந்தார இலையிலும் சாப்பிடுவது கழுவும் நீரைக் குறைக்கத்தான். குப்பையை ஈரம், உலர்ந்தது எனப் பிரித்து, மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் வரும்போது கையில் கொடுங்கள்.

பட்டு வாங்குபவர்களுக்கு

காஞ்சிக்கு வந்து பட்டுச் சேலை வாங்காமல் திரும்பும் குடும்பம் குறைவு. வேனில் வருபவருக்கு ஒரு வசதி உண்டு. உங்களை எந்தக் கடைக்கும் யாரும் கூட்டிப்போகத் தேவையில்லை. யாராவது கூட்டிப்போனால் அவருக்கான கமிஷன் உங்கள் பில்லில் ஏறிவிடும். நீங்களாகவே நடந்து போங்கள். முதலில் கூட்டுறவுச் சங்கக் கடைகள். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, வரமகாலட்சுமி என்று நெசவாளர் சங்கங்கள் பல. விலை சேலையிலேயே எழுதியிருக்கும். தள்ளுபடி காலங்களில் இன்னும் நல்லது.

சில்க் மார்க் முத்திரை பட்டு நூலுக்கு உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல என்பதை நினைவில் வையுங்கள். ஜரிகையைத் தனியாகக் கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, கைத்தறியா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால், இரண்டும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மூன்று நாடா வைத்து, துணைக்கு ஓர் ஆள் உட்கார்ந்து நெய்யும் கோர்வை வேலை அது. அந்தச் சேர்க்கையில் இருக்கிறது இந்த ஊரின் பெருமை.

வாங்கிய சேலையை வேனில் வைப்பதற்கும் முறை உண்டு. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஜன்னல் வெயில் படாத நடு அலமாரியில் வையுங்கள். அடுப்புப் பக்கமும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் வேண்டாம். எண்ணெய்ப் புகையும் ஈரமும் ஜரிகையைக் கறுக்கச் செய்யும். அந்துருண்டை நேராக ஜரிகையில் படக் கூடாது.

ஊர் நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம்

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. நட்சத்திர வசதி கொண்ட கேரவன் பூங்காக்களைப் பற்றி இப்போது நாடெங்கும் பேசுகிறார்கள். கோயில் ஊருக்கு அவ்வளவு தேவையில்லை. 2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரம் பொன்னேரிக்கரைப் பக்கம் ஒன்று, செங்கல்பட்டுச் சாலைப் பக்கம் ஒன்று என இரண்டு நிறுத்துமிடங்கள் அமைத்தால் போதும். நிழல் மரங்கள், நல்ல தண்ணீர்க் குழாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் குளியலறை, கழிவை ஊற்ற மூடிய தொட்டி, தீ மூட்டத் தனி மேடை, காவலாளி, கோயில்களுக்குச் சிறு பேருந்து. வேன் வீட்டுக்காரர்கள் சிலர்தான். ஆனால் இதே இடம் ஐயப்ப பக்தர்களுக்கும், மேல்மருவத்தூர் போகும் பெண்களுக்கும், ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பேருந்தில் வந்து சாலையோரம் சமைத்துச் சாப்பிடும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் பயன்படும். கட்டணம் வையுங்கள், மகிழ்ச்சியோடு கொடுப்போம்.

அது வரும்வரை பொறுப்பு நம்முடையது. கேட்டு நிறுத்துங்கள், காசு கொடுத்துக் குளியுங்கள், ஊருக்குள் நடந்து போங்கள், கழிவை ஊரில் விட்டுவராதீர்கள். அடுத்து வரும் வேனுக்கு அந்த மண்டபக் கதவு திறக்குமா, திறக்காதா என்பது நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

அடுத்த வாரம்: உத்திரமேரூரும் வேடந்தாங்கலும்.